சாடை இல்லை எனச் சான்றளிக்கிறேன்

எங்கள் செயலகத்துக்குத் தெரியாமல் திருகோணமலையில் இரண்டு மனிதர்கள் பதினாறு வருடங்களாகச் சண்டை பிடிக்காமல் இருந்திருக்கிறார்கள். அந்தக் குற்றம் கண்டுபிடிக்கப்பட்டபோது நான் அங்கே தகுதிகாண் காலத்தில் இருந்தேன். என் பெயர் யதுர்சன். லிங்கநகரில் வீடு, கையில் ஒரு பட்டம், நியமனம் நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம்.

செயலகத்தின் முழுப்பெயர் துறைமுகப் பிரதேசக் கரையோரப் பாவனைப் புரிந்துணர்வு ஒழுங்கமைப்புச் செயலகம். பெயர்ப்பலகை கட்டடத்தைவிட நீளம். ஆகவே ‘செயலகம்’ என்ற கடைசிச் சொல் மட்டும் பக்கத்துப் பேக்கரியின் முன்னால் நின்றது. பேக்கரிக்காரர் ஆட்சேபித்துக் கடிதம் எழுதினார். அது பரிசீலனையில் இருக்கிறது.

கரையில் எந்த வள்ளம் எந்த இடத்தில் ஏறுகிறது, யாருடைய உடன்பாட்டின் பேரில் ஏறுகிறது என்பதையெல்லாம் பதிவது எங்கள் வேலை. மாத முடிவுக்குள் பதியாத இடமெல்லாம் கடலோர நடைபாதைக்குப் போய்விடும் என்று அறிவித்தல் அச்சடித்து, கோதுமைமாப் பசை தடவி மதில்களில் ஒட்டினோம். ஊருக்குள் திரியும் மான்கள் இரண்டு நாளில் அதை நக்கித் தின்று முடித்தன. பணிப்பாளர் பாக்கியரத்தினம் கோப்பில் எழுதினார்: ‘அறிவித்தல் முழுமையாக உள்வாங்கப்பட்டது.’

எப்படியோ செய்தி அறிந்து சிப்பித்துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் லாபிர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், தொப்பியும் கட்டம்போட்ட சாரமுமாக வந்திருந்தார். மற்றவர் தம்பிராசா, அவரைவிடப் பத்து வயது மூத்தவர், திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது. இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வள்ளம். அவற்றை ஏற்றிவைக்க நாற்பது அடிக் கரை. அந்தக் கரை போனால் இரண்டு குடும்பத்துக்கும் அடுப்பு எரியாது. வேறு கரையில் அவர்களை ஒருவரும் ஏற்கப்போவதில்லை.

“நாற்பது அடியையும் எப்படிப் பிரிச்சு வச்சிருக்கிறீங்கள்?” என்று பணிப்பாளர் கேட்டார்.

“மணல் பக்கம் எனக்கு சேர். கல்லுப் பக்கம் அண்ணனுக்கு,” என்றார் லாபிர். “வெள்ளிக்கிழமை நான் கடலுக்குப் போறல்ல. அண்டைக்கு அவர் மணல்ல ஏத்துவார். கோயில் திருவிழா நாளையில அவர்ட வலையையும் சேத்து நான் காயப்போடுவன்.”

“இதை எப்ப கதைச்சு முடிவெடுத்தனீங்கள்?”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். “கதைக்கல்ல சேர்,” என்றார் லாபிர். “எல்லாம் ஒரு சாடைதான்.”

பணிப்பாளரின் பேனை நின்றது. படிவத்தில் ‘எழுத்துமூல உடன்பாடு’, ‘வாய்மூல உடன்பாடு’ என்று இரண்டே கட்டங்கள்தான் இருந்தன.

“சாடை எண்டால்?”

“சாடை எண்டா… சாடைதான் சேர்,” என்றார் தம்பிராசா. அவர் அன்று சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அந்தக் கூடத்தில் அதன் பொருள் தெரியாதவர் யாருமில்லை. தேத்தண்ணி கொண்டுவரும் பஸ்னாவுக்கும் தெரியும். பணிப்பாளருக்கும் வீட்டில் மனைவி சோற்றுக்கோப்பையை வைக்கும் சத்தத்திலேயே முழு விசயமும் விளங்கும் என்பது ஊரறிந்த கதை. ஆனால் கதிரையில் இருந்தால் அவருக்கு ஒன்றும் விளங்காது. அது பதவியோடு வரும் வரப்பிரசாதம். சொல்லை மொழி ஆலோசகர் முனீப்பிடம் அனுப்பிவிட்டு, இருவரையும் இரண்டு கிழமை கழித்து வரச்சொன்னார்.

முனீப் பதினான்கு பக்கத்தில் அறிக்கை தந்தார். சாடை என்ற சொல்லுக்கு மூன்று பொருள். ஒன்று, வாயால் சொல்லாமல் குறிப்பால் உணர்த்துவது. இரண்டு, ‘பிள்ளைக்குத் தகப்பன்ர சாடை’ என்பதுபோல முக ஒற்றுமை. மூன்று, ‘சாடையாத் தலையிடிக்குது’ என்பதுபோலக் கொஞ்சம். மனுதாரர்கள் எந்தப் பொருளில் சொன்னார்கள் என்பதை அறிய உபகுழு அமைக்கவேண்டும் என்று அறிக்கை முடிந்தது. உபகுழுவின் தலைவராக முனீப் தன்னையே சிபாரிசு செய்திருந்தார்.

முதலில் இரண்டாம் பொருள் ஆராயப்பட்டது. இருவருக்கும் முக ஒற்றுமை இருந்தால் அவர்கள் உறவினர்கள். உறவினர்களுக்கு வேறு படிவம். கிராம அலுவலரிடம் அறிக்கை கேட்டோம். அவர் வீடு தேடிப்போய் இருவரையும் வெயிலில் நிறுத்தி, முன்னாலும் பக்கவாட்டிலும் பார்த்து, முத்திரை குத்தி எழுதியனுப்பினார்: ‘மேற்படி இருவருக்குமிடையில் எவ்விதச் சாடையும் இல்லை எனச் சான்றளிக்கிறேன்.’

அங்கேதான் வினை பிடித்தது. அந்தக் கடிதம் கோப்பில் ஏறியதும் பணிப்பாளர் அதை வாசித்துவிட்டு இருவரையும் அவசரமாக அழைப்பித்தார். “உங்களுக்குள்ள சாடை இருக்கு எண்டு நீங்கள் சொல்லுறீங்கள். இல்லை எண்டு அரசாங்கம் முத்திரை குத்தியிருக்கு. ஆரை நம்புறது?”

“அது மூஞ்சிச் சாடை சேர்,” என்றார் லாபிர் பாவமாக.

“கடிதத்தில் மூஞ்சி என்ற சொல் இல்லை.”

தலைமை அலுவலகத்திடம் விளக்கம் கேட்டோம். அங்கே மூன்றாம் பொருள்தான் பிடித்துப்போனது. சாடையான உடன்பாடு என்பது சிறிதளவு உடன்பாடு. ஆகையால் மனுதாரர்கள் நாற்பது அடியில் சிறிதளவுக்கு, அதாவது நான்கு அடிக்கு உரித்துடையவர்கள் என்று பதில் வந்தது. நான்கு அடியில் வள்ளத்தை நெடுங்குத்தாக நிறுத்தினாலும் விழுந்துவிடும். நான் அதை ஒரு குறிப்பாக எழுதிக் கோப்பில் வைத்தேன். பணிப்பாளர் அதன் ஓரத்தில் ‘பார்த்தேன்’ என்று எழுதினார். வேலைக்குச் சேர்ந்த பிறகு நான் செய்த வீரம் அவ்வளவுதான்.

கடைசியில் முதலாம் பொருளுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்பதென்று முடிவாகி, கள ஆய்வு வைத்தோம். காலை ஒன்பதரைக்குச் சிப்பித்துறையில் நான்கு பிளாஸ்டிக் கதிரை, இரண்டு குடை, ஒரு நிழற்படக்காரர். வள்ளங்களுக்குப் பக்கத்தில் இருவரும் கலியாண மாப்பிள்ளைகள் மாதிரி விறைத்துப்போய் நின்றார்கள்.

“சரி, இப்ப சாடையைக் காட்டுங்கோ,” என்றார் பணிப்பாளர்.

லாபிர் கடலைப் பார்த்தார். தம்பிராசா காலால் மணலைக் கிளறினார். ஐந்து நிமிடம் போனது. தம்பிராசா ஒருமுறை இருமினார். முனீப் உடனே நேரத்தைக் குறித்தார். அது சாடையா அல்லது சாடையான இருமலா என்று குடைக்குள் இருபது நிமிடம் விவாதம் நடந்தது. முடிவு காணமுடியாமல், மருத்துவச் சான்றிதழ் கேட்பதென்று தீர்மானித்து எழும்பினோம். போகும்போது திரும்பிப் பார்த்தேன். லாபிர் தன் வள்ளத்தின் முன்பக்கத்தைப் பிடிக்க, தம்பிராசா ஒன்றும் கேட்காமல் வந்து பின்பக்கத்தைத் தூக்கினார். அதை நான் மட்டும்தான் கண்டேன். அறிக்கையில் சேர்க்க அதற்கொரு நிரல் இருக்கவில்லை.

மாத முடிவுக்கு மூன்று நாள் இருக்கையில் பணிப்பாளர் இரக்கப்பட்டார். இரக்கப்பட்டால் அவர் புதிய படிவம் ஒன்று தயாரிப்பார். இந்த முறை பேசப்படாத உடன்பாடுகளுக்கான விசேட படிவம். அதைத் தட்டச்சுச் செய்தவன் நான். ‘இவ்வுடன்பாடு எத்திகதியில் பேசப்படவில்லை?’ ‘எந்தச் சாட்சிகளின் முன்னிலையில் பேசப்படவில்லை?’ ‘பேசப்படாத வாசகத்தை அப்படியே எழுதுக.’ இப்படியே போய் ஒன்பதாவது கேள்வி: ‘உடன்பாட்டுக்கான காரணம்.’ வெறுமையாக விடப்படும் படிவங்கள் நிராகரிக்கப்படும் என்று கீழே தடித்த எழுத்தில் போடச் சொன்னார். போட்டேன்.

விசாரணைக்கு லாபிரின் மனைவி சித்தி பரீதாவும் வந்திருந்தார், சாட்சியாக. எட்டுக் கேள்விகள் ஒருமாதிரிக் கழிந்தன. பேசப்படாத திகதிக்கு லாபிர், “ஒவ்வொரு நாளும்தான் சேர்,” என்றார். அதை ஏற்றுக்கொண்டோம். ஒன்பதாவதுக்கு வந்தபோது பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

“தம்பிராசா, கோப்பின்படி மணல் பக்கம் முந்தி உங்கட. உங்கட தகப்பன் காலத்திலயிருந்து. பதினாறு வருசத்துக்கு முந்தி கல்லுப் பக்கம் போயிருக்கிறீங்கள். ஏன்?”

“அண்ணனுக்குக் கல்லுப் பக்கம்தான் விருப்பம் சேர்,” என்று லாபிர் முந்திக்கொண்டார்.

“வள்ளத்தின்ர அடியைக் கிழிக்கிற கல்லில ஆருக்கு விருப்பம் வரும்? நல்ல இடத்தை ஒருத்தன் சும்மா விடமாட்டான். சட்டத்தின் கண்ணில் சும்மா என்றொரு காரணம் கிடையாது. மறைத்து வைக்கப்படும் எதுவும் அரசாங்கத்துக்குச் சந்தேகம். மனம் திறந்து பேசுங்கள், அதுதான் புரிந்துணர்வு!” கடைசி வசனங்களை அவர் மேடைக்கான தமிழில் சொன்னார். அப்போது தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. “ஒன்பதாவதை முடிச்சு வையும், யதுர்சன்,” என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியோடு வெளியே போனார்.

இப்போது அறையில் நாங்கள் நான்கு பேர்தான். பேனை என் கையில் இருந்தது.

தம்பிராசா என்னைப் பார்த்தார். பிறகு சித்தி பரீதா இருந்த பக்கம் கண்ணை ஒருமுறை கொண்டுபோனார். பிறகு என் பேனையைப் பார்த்தார். பிறகு திரும்பவும் என்னை. தலை ஒரு நூல் அளவு ஆடியது. ‘தம்பி, ஏதாவது எழுதி மூடிவிடு. இந்தப் பெண்பிள்ளைக்கு முன்னால் என்னைக் கேட்காதே.’ இதைவிடத் தெளிவாக ஒரு மனிதன் இன்னொரு மனிதனிடம் வாய்விட்டும் கேட்கமுடியாது. பதினான்கு பக்க அறிக்கை தேடியும் காணாத சாடை எனக்கு முன்னால், ஒரு கதிரை தூரத்தில் இருந்தது.

எனக்கு விளங்கியது. முழுதாக விளங்கியது. ‘பரஸ்பர மரியாதை’ என்று இரண்டு சொல் எழுதியிருக்கலாம். பணிப்பாளருக்கு அது போதும், அவருக்குப் பிடித்த சொல்லும்கூட. ஏன் எழுதவில்லை என்று பல தடவை என்னையே கேட்டிருக்கிறேன். நியமனம் நிரந்தரமாகவில்லை, பொய் எழுதப் பயம் என்று சொல்லிக்கொள்வேன். அது பாதிதான் உண்மை. மற்றப் பாதி, அந்தக் காரணம் என்னவென்று அறிய எனக்கும் ஆசையாக இருந்தது.

“காரணம் என்ன, ஐயா?” என்று கேட்டேன். “வெறுமையா விட ஏலாது.”

 தம்பிராசா கையைக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார். இருங்கள் என்றுகூட எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

“சண்டை கடுமையா நடந்த வருசம், லாபிர் நானா பிள்ளையளோட கிண்ணியாவில சொந்தக்காரர் வீட்டுக்குப் போனவர். வள்ளத்தை என்னட்டத்தான் பொறுப்புத் தந்தவர். எனக்குப் போக இடமில்லை. கடலுக்கு இறங்க ஏலாது. காட்டுப்பக்கம் விறகுக்கும் போக ஏலாது. அந்த மாரி விட்டுக்குடுக்காம அடிச்சுது. மண்ணெண்ணெய் இல்ல. நிவாரண அரிசி இருந்தது, அவிக்க நெருப்பில்ல. சின்னவள் பச்சை அரிசியைத் தின்டுபோட்டு வயித்தால போய்க் கிடந்தாள்.”

 நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

“நானாட வள்ளத்தைக் கொத்தி எரிச்சனான். கொஞ்சம் கொஞ்சமா, ரெண்டு மாசம். என்ர வள்ளமும் பக்கத்திலதான் கிடந்தது, தம்பி. அதில நான் கை வைக்கேல்ல.”

லாபிர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தி பரீதா முக்காட்டை இழுத்துவிட்டு அவரைப் பார்த்தார். “வெள்ளம் கொண்டு போன எண்டுதானே சொன்னீங்க.”

லாபிர் தொப்பியைச் சரிசெய்தார்.

“உங்களுக்குத் தெரியுமா?”

“வந்த அண்டைக்கே தெரியும்,” என்றார் லாபிர் மெல்ல. “அண்ணன்ட அடுப்படியில எங்கட பச்சைப் பெயின்ட் அடிச்ச பலகைத் துண்டு கிடந்தது. நான் ஒண்டும் கேக்கல்ல. அடுத்த நாள் விடியப் போய்ப் பாக்கன், அண்ணன் தன்ட வள்ளத்தைக் கல்லுப் பக்கம் இழுத்து வச்சிருக்கார். பிறகு கடனுக்கு வாங்கின வள்ளத்தை மணல்ல ஏத்திட்டு, சரி எண்டு இருந்துட்டன்.”

தம்பிராசாவின் முகத்தில் அப்போது வந்ததை எழுத எனக்கு வராது. அவர் மணலைக் கொடுத்ததற்கான காரணம் லாபிருக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். லாபிர் தனக்காக மனைவியிடம் பதினாறு வருடம் பொய் சொல்லி வந்தது தெரியாது. மனுசன் தலையைக் குனிந்தவர் குனிந்தவர்தான்.

“அது என்ட வாப்பா செஞ்சு தந்த வள்ளம்,” என்றார் சித்தி பரீதா. சத்தம் போடவில்லை. “மௌத்தாகிற நேரத்திலயும் அதைத்தான் கேட்டாரு. வெள்ளம் எண்டு நானும் சொன்னன். அல்லாஹ்ட நாட்டம் எண்டு சொன்னன்.” எழுந்து, இருவரையும் பார்க்காமல், கதவால் வெளியே போனார். லாபிர் அவர் பின்னால் ஓடினார். வாசலில் நின்று ஒருமுறை தம்பிராசாவைத் திரும்பிப் பார்த்தார். தம்பிராசா நிமிரவேயில்லை.

பணிப்பாளர் உள்ளே வந்தபோது நான் முற்றுப்புள்ளி வைத்து முடித்திருந்தேன். வாசித்தார். அவர் முகம் மலர்ந்தது.

“பாத்தீரா? பதினாறு வருசமா அடைச்சு வச்சிருந்ததை ஒரு படிவம் வெளியில கொண்டுவந்திட்டுது! நட்டம், பரிகாரம், சம்மதம், எல்லாம் இருக்கு. தலைமை அலுவலகம் இதை முன்மாதிரி எண்டுதான் சொல்லும்.” பிறகு தம்பிராசாவின் தோளில் தட்டினார். “இப்ப மனசு லேசா இருக்குமே, என்ன?”

தம்பிராசா, “ஓம் சேர்,” என்றார்.

சான்றிதழ் அடுத்த கிழமையே தயாரானது, தங்க நிறக் கரை போட்டு. ‘மேற்படி தரப்பினருக்கிடையிலான பேசப்படாத உடன்பாடு இன்று முதல் பேசப்பட்ட உடன்பாடாகக் கொள்ளப்படும்.’ புரிந்துணர்வு வாரத்தில் மேடை போட்டு இருவருக்கும் கொடுப்பதென்று ஏற்பாடு. லாபிர் மட்டும் தனியாக வந்து வாங்கினார். மேடையில் பக்கத்திலிருந்த வெற்றுக் கதிரையைப் பணிப்பாளர் கைகாட்டி, “இதுவும் ஒரு சாடைதான்!” என்றார். சபை கைதட்டியது. நானும் தட்டினேன்.

தம்பிராசா அதன் பிறகு சிப்பித்துறைக்கு வரவேயில்லை. அவருடைய வள்ளம் கல்லுப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்டபடி கிடந்தது. லாபிர் இரண்டு தரம் அவர் வீட்டுக்குப் போனார் என்றும், வாசல் படலைவரை போய்த் திரும்பிவிட்டார் என்றும் பஸ்னா சொன்னாள். போனால் என்னத்தைச் சொல்வது? சொல்லவேண்டியது எல்லாம்தான் சொல்லியாகிவிட்டதே. சித்தி பரீதா லாபிரோடு இன்னமும் முகம் கொடுத்துக் கதைப்பதில்லையாம்.

பதிவு விதிகளில் பதினோராவது பிரிவு இருக்கிறது: இரு தரப்பில் ஒரு தரப்பு அறுபது நாள் தொடர்ந்து பாவிக்காவிட்டால் உடன்பாடு செல்லாது. அறுபத்தோராம் நாள் கடிதம் போனது. கடிதத்தைத் தட்டச்சுச் செய்தவன் நான்தான். இப்போது அங்கே சிமெந்துக் கல் பதித்து, சனம் இருக்க நான்கு வாங்கு போட்டிருக்கிறார்கள். பேர் புரிந்துணர்வு நடைபாதை. மாலையில் சனம் வந்து கடலை தின்கிறது. லாபிர் கிண்ணியாப் பக்கம் மச்சான்காரனின் வள்ளத்தில் கூலிக்குப் போகிறார். என் நியமனம் நிரந்தரமாகிவிட்டது. சிபாரிசுக் கடிதத்தில் பணிப்பாளர் எழுதியிருந்தார்: ‘மக்களின் உள்ளக்கிடக்கையை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் மிக்கவர்.’

போன மாதம் சாம்பல்தீவுக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். பக்கத்து இருக்கையில் தம்பிராசா. மகள் வீட்டுக்குப் போகிறாராம், இப்போது அங்கேதான் இருக்கிறாராம். நான் இறங்கி ஓடப் பார்த்தேன், பஸ் புறப்பட்டுவிட்டது. அவர் பையை மடியில் எடுத்து வைத்து எனக்கு இடம் விட்டார். மூன்று தரிப்பிடம் கடந்தது. 

“அண்டைக்கு நான் உங்களைப் பாத்தனான், தம்பி,” என்றார் திடீரென்று, யன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

நான் பயணச்சீட்டை மடிக்கத் தொடங்கினேன்.

“உங்களுக்கு விளங்கேல்லைப் போல. பரவாயில்லை. நீங்கள் சின்னப்பிள்ளை, அதெல்லாம் எப்படி விளங்கும்?”

அவருக்குத் தெரியும். எனக்கு விளங்கியது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் யன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் எந்தப் பதிலைச் சொன்னாலும் என் முகத்தைக் காணாதபடிக்கு.

“ஓம் ஐயா,” என்றேன். “எனக்கு விளங்கேல்லை.”